தீவகத்தில் எந்திரம் – 9: தலைக்கேறிய கேம்

வேலணைச் சாட்டிக் கிணறுகளை விட்டால் தீவகத்தில் நல்ல தண்ணீருக்குத் தவிக்காத ஊர் குறைவு. முருகைக்கல் நிலத்தில் மழைநீர் மெல்லிய படையாகத்தான் தங்கும். கோடையில் கொஞ்சம் கூடுதலாக இறைத்தால் அடியில் கிடக்கும் உவர் மேலே வந்துவிடும். குடிக்கவே அளந்து அள்ளும் தண்ணீரை ஒரு காரின் ரேடியேற்றருக்கு ஊற்ற யாருக்கும் மனம் வராது. உவர்நீரை ஊற்றினாலோ எஞ்சின் புளொக்கின் நீர்வழிகளில் துருவும் உப்பும் படிந்து, ஒருநாள் பண்ணைத் தாம்போதியின் நடுவிலே ஆவி கக்கிக்கொண்டு வண்டி நின்றுவிடும்.

சென்ற இதழில் லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் தீவுகளுக்குள் நுழைந்த கதையைப் பார்த்தோம். இம்முறை தண்ணீர் கேட்காத எஞ்சின்களின் கதை. காற்றிலேயே சூடாறும் எஞ்சின்கள் இரண்டு வழிகளில் இங்கு வந்தன. காராக வந்தது வொக்ஸ்வாகன். மோட்டார் சைக்கிளாக வந்தது ஹொண்டா. முதலாவது தன் கேம் சாப்ட்டை வயிற்றுக்குள் வைத்திருந்தது. இரண்டாவது அதைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு வந்தது. இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பது 1990க்குப் பிறகு, பெற்றோல் இல்லாத யாழ்ப்பாணத்தில்தான் உறைத்தது. அதற்கு முன் ஜேர்மனிக்கும் ஜப்பானுக்கும் ஒருமுறை போய்வர வேண்டும்.

எஞ்சின் மூச்சு விடுவது வால்வுகளால். வால்வைத் திறப்பது கேம் சாப்ட்டில் உள்ள முட்டை வடிவப் புடைப்பு, மூடுவது ஸ்பிரிங். வொக்ஸ்வாகன் எஞ்சினில் நான்கு சிலிண்டர்களும் பக்கத்துக்கு இரண்டாகப் படுத்திருக்கும். நடுவில் கிராங், அதற்குக் கீழே கேம். கேமில் உள்ள புடைப்புகள் நான்கே நான்கு. எட்டு வால்வுகளையும் அந்த நான்கே பார்த்துக்கொள்ளும். ஒரே புடைப்பு இடப்பக்கத்து வால்வு ஒன்றையும் வலப்பக்கத்து வால்வு ஒன்றையும் மாறிமாறித் தள்ளும். கேமுக்கும் வால்வுக்கும் இடையிலான தூரத்தை நீண்ட புஷ்ரொட்டுகள் கடக்கின்றன. அந்த புஷ்ரொட்டையும் அலுமினியத்தில் செய்தார்கள். காற்றில் ஆறும் எஞ்சின் சூடேறும்போது நன்றாகவே நீளும். புஷ்ரொட்டும் கூடவே நீண்டால்தான் வால்வுக்கு விட்ட ரப்பெட் இடைவெளி குலையாது. சிக்கனத்தை இதைவிடப் புத்திசாலித்தனமாகச் செய்ய முடியாது என்றே சொல்லலாம்.

ஆனால் வேகம்? 1954ஆம் ஆண்டு மாதிரியில் 1192 சிசி எஞ்சின் நிமிடத்துக்கு 3400 சுற்றில் 30 குதிரைவலு தந்தது. அவ்வளவுதான். அதற்கு மேல் விரட்டினால் புஷ்ரொட்டின் எடையும் அதன் வளைவும் குறுக்கே நிற்கும். ஒரு கட்டத்தில் ஸ்பிரிங்கால் வால்வைக் கேமோடு ஒட்டவைக்க முடியாமல் போகும். மூடவேண்டிய வால்வு அந்தரத்தில் மிதக்கும். கேமை வால்வின் தலைக்கே கொண்டுபோய் வைத்தால் நடுவில் நிற்கும் எடை போய்விடும், எஞ்சின் இன்னும் வேகமாகச் சுற்றும். கார்ப் பந்தயக்காரர்கள் இதைக் கார் யுகத்தின் தொடக்கத்திலேயே கண்டுகொண்டார்கள். காற்றில் ஆறும் எஞ்சினில் அதைச் செய்வதுதான் பெரும்பாடு.

அந்தப் பாட்டை முறையாகப் பட்டவர்களில் ஒருவர் ஏர்ன்ஸ்ட் ஃபுர்மன். வியன்னாக்காரர். வேகமாகச் சுழலும் எஞ்சின்களின் வால்வு இயக்கம் பற்றியே ஆய்வு செய்து டொக்டர் பட்டம் வாங்கியவர். போர்ஷே நிறுவனத்தின் முதல் கார்கள் வொக்ஸ்வாகன் எஞ்சினையே தட்டிக்கொட்டி ஓடியவை. அதே படுத்த நான்கு சிலிண்டர், அதே காற்றுக் குளிரூட்டல் என்ற அமைப்பை வைத்துக்கொண்டு, உள்ளே முற்றிலும் புதிய எஞ்சின் ஒன்றை ஃபுர்மன் வரைந்தார். 1953இல் ஓடத் தொடங்கிய அதன் பெயர் 'ரைப் 547'. ஒவ்வொரு பக்க ஹெட்டிலும் இரண்டு, ஆக நான்கு கேம் சாப்ட்டுகள். அவற்றைச் சுழற்றச் செயினோ பெல்டோ கிடையாது. கிராங்கிலிருந்து தண்டுகளும் கூம்புப் பற்சக்கரங்களும் போயின. சிலிண்டருக்கு இரண்டு பிளக். 1498 சிசியில் 110 குதிரைவலு. அதே காலத்து வொக்ஸ்வாகனோடு ஒப்பிட்டால், கால் பங்கு மட்டுமே பெரிய எஞ்சினிலிருந்து மூன்றரை மடங்குக்கும் மேலான வலு.

அதற்குக் கொடுத்த விலையும் சிறிதல்ல. நான்கு கேம்களையும் கிராங்கோடு ஒத்துப்போக ரைமிங் வைப்பது கைதேர்ந்த மெக்கானிக்குக்கே ஒரு முழுநாள் வேலை. ஒரு பற்சக்கரத்தின் இடைவெளியைத் திருத்தினால் அடுத்தது குலையும். 550 ஸ்பைடர் என்ற சின்னஞ்சிறு பந்தயக் கார் தன்னிலும் பெரிய எஞ்சின் வண்டிகளை முந்தி ஓடியது இந்த எஞ்சினால்தான். சாதாரண வாடிக்கையாளருக்கு 'கரேரா' என்ற பெயரில் விற்றபோது, அதைத் திருத்தத் தெரிந்த கை கிடைப்பதுதான் அவருக்குக் கவலையானது. 1963இல் போர்ஷே தன் 911ஐக் காட்டியபோது பாடம் படித்திருந்தது தெரிந்தது: பக்கத்துக்கு ஒரே கேம், அதைச் சுழற்றச் செயின். அந்தச் செயினை இறுக்கிப் பிடிக்கும் ரென்சனர் மட்டும் ஏறத்தாழ 20 ஆண்டுகள் தொல்லை கொடுத்துக்கொண்டே இருந்தது. 1984ஆம் ஆண்டு மாதிரியில் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ரென்சனர் வந்த பிறகுதான் அது அடங்கியது.

பெரிய கொம்பனியே இப்படித் திணறிய வேலையை, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தனிப்பட்டறைக்காரர் சிலர் பழைய வொக்ஸ்வாகன் எஞ்சினுக்குச் செய்துபார்க்கக் கிளம்பினார்கள். பழைய கேமின் இடத்தில் ஒரு வெறும் தண்டு, அதிலிருந்து இரண்டு பக்கத்துக்கும் செயின் அல்லது பெல்ட், புதிதாக வார்த்த ஹெட், அதன் மேல் கேம் பெட்டி. தாளில் வரைய எளிது. பூட்டும்போதுதான் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். சூட்டில் சிலிண்டர் நீள, கிராங்குக்கும் கேமுக்கும் இடைத்தூரம் மாறி, ஆறிய எஞ்சினில் வைத்த ரைமிங் சூடேறிய எஞ்சினில் நிற்காது. ஹெட்டுக்கு மேல் உட்கார்ந்த கேம் பெட்டி, விசிறிக் காற்று போகும் வழியை மறிக்கும். எக்ஸோஸ்ட் வால்வைச் சுற்றிய இடம் ஆறாமல் வெடிக்கும். இத்தனையும் சரிவந்து 7000, 8000 சுற்றுக்கு எஞ்சின் ஏறிவிட்டால், 3400 சுற்றுக்கென்று செய்த கிராங்கும் எண்ணெய்ப் பம்பும் கீழிருந்து கைவிடும். பிறகு அவற்றையும் மாற்ற வேண்டும். கடைசியில் வொக்ஸ்வாகனில் மிஞ்சுவது பெயரும் வெளிக்கூடும்தான். ஆனாலும் செய்தார்கள், இன்றும் செய்கிறார்கள். பித்து என்று ஒதுக்கலாம்தான். பந்தயப் பாதையில் பித்துக்கும் மதிப்பு உண்டு.

தொழிற்சாலைகள் இதற்கு வேறு விடைகள் தேடின. 1957இல் வந்த ஜேர்மன் என்.எஸ்.யூ. பிறின்ஸ் காரின் இரண்டு சிலிண்டர் எஞ்சினில் மேலே இருந்த கேமைச் செயினுக்குப் பதிலாக இரண்டு மையம் விலகிய தண்டுகள் சுழற்றின. 1970இல் வந்த பிரெஞ்சு சித்ரோயன் ஜி.எஸ். படுத்த நான்கு சிலிண்டருக்குப் பல் பெல்ட் பூட்டியது. இரண்டும் காற்றில் ஆறியவை, இரண்டும் குடும்பக் கார்கள்.

ஆனால் கேமைத் தலைக்கு ஏற்றுவதை ஏழை வீட்டு முற்றம் வரை கொண்டுவந்தவர் சொய்ச்சிரோ ஹொண்டா. 1958 ஓகஸ்டில் அவர் விட்ட சுப்பர் கப், புஷ்ரொட் எஞ்சின்: 49 சிசி, 9500 சுற்றில் 4.5 குதிரைவலு. 1966இல் அதே 49 சிசியில் மேலே கேம் வைத்த சி50 வந்தது: 10,000 சுற்றில் 4.8 குதிரைவலு. கூடியது வலுவில் ஒரு பொட்டுத்தான். ஆனால் சின்னஞ்சிறு செயின் ஒன்றின் துணையோடு, படுத்த சிலிண்டரின் நுனியில் கேம் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. ஃபுர்மனின் எஞ்சினில் மெக்கானிக் ஒருநாள் முழுக்கப் பட்ட பாட்டை இங்கே பற்சக்கரத்திலுள்ள ஒரு குறியும் ஹெட்டிலுள்ள ஒரு வெட்டும் முடித்துவைத்தன. குறியை வெட்டுக்கு நேரே பிடித்துச் செயினைப் போட்டால் ரைமிங் முடிந்தது. மோட்டார் சைக்கிள் வரலாற்றில் பந்தயக் கோப்பைகளைவிடப் பெரிய சாதனை இதுதான் என்று தோன்றுகிறது.

அதே ஹொண்டா கார்களிலும் காற்றையே நம்பினார். தண்ணீரால் ஆறும் எஞ்சினிலும் கடைசியில் தண்ணீரை ஆற்றுவது காற்றுத்தானே, நேரே காற்றாலேயே ஆற்றினால் என்ன என்பது அவர் வாதம். 1967இல் வந்த என்360 சிறுகாரில் அது பலித்தது: 354 சிசி, தலைக்கேம், 8500 சுற்றில் 31 குதிரைவலு. பந்தயத்தில் பலிக்கவில்லை. 1968 ஜூலை 7 அன்று பிரான்சின் ருவான் பாதையில், காற்றில் ஆறும் ஆர்.ஏ.302 பந்தயக் காரோடு ஓட்டுநர் ஜோ ஷ்லெஸர் எரிந்து மாண்டார். அடுத்த சில ஆண்டுகளில் ஹொண்டாவின் கார்கள் தண்ணீருக்குத் திரும்பின. சுப்பர் கப் குடும்பத்து மோட்டார் சைக்கிள்கள் திரும்பவில்லை.

அந்த மோட்டார் சைக்கிள்கள்தான் கடல் கடந்து இங்கு வந்தன. ஹொண்டா 50, 70, 90 என்று எண்ணாலேயே பெயர் பெற்றவை. ஜப்பானியத் தபாற்காரருக்கென்று செய்யப்பட்டுப் பிறகு பழையதாக இறக்கப்பட்ட எம்.டி.90, சின்ன ரயரும் தாழ்ந்த இருக்கையுமாகப் பெண்களும் ஆசிரியர்களும் விரும்பி ஓட்டிய சாலி. இவை எல்லாவற்றிலும் அதே குடும்பத்துத் தலைக்கேம் எஞ்சின். தண்ணீர் கேட்காது, ஒரு லீற்றருக்கு நெடுந்தூரம் போகும். குறிகட்டுவான் துறையில் இரண்டு பேர் தூக்கினால் படகில் ஏறிவிடும். 1985 மே 15 அன்று பயணிகளின் இரத்தம் தோய்ந்த குமுதினிப் படகு, பின்னாட்களில் மா மூட்டைக்கும் கோழிக்கூடைக்கும் நடுவில் மோட்டார் சைக்கிள்களையும் நெடுந்தீவுக்குச் சுமந்து போனது. சாலிக்கு யாழ்ப்பாணத்தில் இன்றைக்கும் உள்ள மவுசு, அது விற்பனைக்கு வந்த காலத்தில் ஜப்பானிலேயே இருந்திருக்குமோ தெரியாது.

இனி 1990க்கு வருவோம். அந்த ஆண்டு ஜூனில் போர் மீண்டும் வெடித்ததும் குடாநாட்டுக்குள் பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, பசளை என்று ஒவ்வொன்றாகத் தடை விழுந்தது. மின்சாரம் அறுந்தது. வீட்டு விளக்குக்கென்று அளந்து விட்ட மண்ணெண்ணெய் ஒன்றே ஓரளவு கையில் கிடைத்த எரிபொருள். ஜாம் போத்தலுக்குள் ஒரு துளி எண்ணெயில் ஒரு துளித் திரி எரிய, மீதியை மோட்டார் சைக்கிளுக்கு மிச்சம் பிடித்த வீடுகள் எத்தனையோ.

மண்ணெண்ணெயில் பெற்றோல் எஞ்சினை ஓட்டுவது யாழ்ப்பாணத்தின் கண்டுபிடிப்பல்ல. இரண்டாம் உலகப் போரின் பின் வந்த ஃபேர்குசன் உழவு இயந்திரங்களிலேயே அப்படி ஒரு வகை உண்டு: பெற்றோலில் ஸ்ராட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய் சார்ந்த மலிவு எண்ணெய்க்குத் திறப்பை மாற்றுவார்கள். யாழ்ப்பாணம் அதை இரண்டாவது தாங்கி எதுவும் இல்லாமலே செய்தது. சிறு போத்தலில் பொன்போலப் பாதுகாத்த பெற்றோலை மெல்லிய குழாயால் காபரேற்றருக்குள் கொஞ்சம் விட்டு எஞ்சினைக் கிளப்பி, அது இருமி முடிவதற்குள் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிட வேண்டும். பிந்தினால் மறுபடி உதை. தெருவெல்லாம் வெண்புகை, கண்ணெல்லாம் எரிச்சல்.

இங்கேதான் கதை தலைகீழாகிறது. பெற்றோல் ஏறத்தாழ 30 பாகையிலிருந்தே ஆவியாகத் தொடங்கும். மண்ணெண்ணெய்க்கு 150 பாகை வேண்டும். தவிர, அழுத்தினால் பிளக்கில் பற்றிய தீ வந்து சேருமுன்னே தானாக வெடித்து 'டொக் டொக்' என்று தட்டும் குணம் மண்ணெண்ணெய்க்கு மிக அதிகம். ஆகவே மண்ணெண்ணெய் கேட்பது சூடான, ஆனால் அழுத்தம் குறைந்த எஞ்சினை. யாழ்ப்பாணத்தில் ஓடிய பழைய கார்களைப் பார்த்தால் விடை கையிலேயே இருந்தது. 1948இல் வந்த மொறிஸ் மைனரின் அழுத்த விகிதம் 6.5; சோமசெற் என்று அழைத்த ஒஸ்ரின் ஏ40க்கு 7.2, 1954க்குப் பிந்திய வொக்ஸ்வாகனுக்கு 6.6. ஹொண்டா சி50க்கோ 8.8.

பட்டணத்துப் புதுக் கார்கள் கொட்டிலுக்குள் முடங்க, கழித்துவிட்ட கிழட்டு மொறிஸ்களும் தட்டிவான்களும் மண்ணெண்ணெய் குடித்து மணமக்களையும் நோயாளரையும் ஏற்றி ஓடியதன் காரணம் இந்த எண்களில் இருக்கிறது. 40 ஆண்டு எஞ்சினியரிங் முன்னேற்றம் எதைக் கூட்டியதோ அதுதான் இப்போது வேண்டாததாகிவிட்டது. வேகத்துக்கென்று உயர்த்திய அழுத்தத்தைக் குறைக்க வழி தேட வேண்டியிருந்தது.

அழுத்தத்தைக் குறைக்க எந்தக் கராஜும் அறிந்த வழி ஒன்று உண்டு: சிலிண்டருக்கு அடியில் இன்னொரு பெக்கிங். சிலிண்டர் சற்று உயர, பிஸ்டனுக்கு மேலே இடம் கூடி, அழுத்தம் தணியும். புஷ்ரொட் எஞ்சினில் இதற்குப் பிறகு செய்ய வேண்டியது ரப்பெட் திருகைத் திருகி இடைவெளியைச் சரிசெய்வது மட்டுமே. தலைக்கேம் எஞ்சினில் அப்படி முடியாது. சிலிண்டர் உயர்ந்தால் கேமும் கிராங்கை விட்டு விலகும். செயினின் இழுக்கும் பக்கம் நீள, கேம் பின்னோக்கித் திரும்பும். அரை மில்லிமீற்றர் பெக்கிங் வைத்தால் ஹொண்டா 50இன் கேம் ஏறத்தாழ ஒரு பாகை பிந்தும். கிராங்கின் கணக்கில் அது இரண்டு பாகை. ஓடாமல் போகாது, ஆனால் தொழிற்சாலையின் குறியும் வெட்டும் இனி உண்மை சொல்லா. அமெரிக்கப் பட்டறையில் வொக்ஸ்வாகனின் தலைக்குக் கேம் ஏற்றியவரைச் சோதித்த அதே இடைத்தூரக் கணக்கு, இங்கே மண்ணெண்ணெய்க்காகச் சிலிண்டர் உயர்த்தியவரையும் விடவில்லை.

எண்ணெய்ப் பிரச்சினை இதிலும் மோசம். ஆவியாகாத மண்ணெண்ணெய் பிஸ்டன் ரிங்கைக் கடந்து கீழே வழிந்து எஞ்சின் ஒயிலோடு கலக்கும். டிப்ஸ்ரிக்கை எடுத்துப் பார்த்தால் ஒயில் கூடியிருக்கும். ஒயில் கூடினால் மகிழக் கூடாது என்பது அந்தக் காலத்து மோட்டார் சைக்கிள்காரர் எல்லோருக்கும் தெரியும். ஹொண்டா 50இல் எஞ்சினுக்கும் கியருக்கும் கிளச்சுக்கும் சேர்த்து இருப்பதே 0.8 லீற்றர். கேம் தலையில் இருப்பதால் அந்த நீர்த்த ஒயில்தான் மேலே ஏறிக் கேமையும் ரொக்கர் ஆமையும் நனைக்க வேண்டும். வழுக்கல் குறைந்த ஒயிலில் முதலில் தேய்வது அவைதான். வொக்ஸ்வாகனின் கேம் எஞ்சினின் அடிவயிற்றில், ஒயிலுக்கு மேலேயே கிடந்தது. அதற்கு இந்தக் கவலை குறைவு.

காற்றில் ஆறுவது மட்டும் கடைசிவரை கைகொடுத்தது. தண்ணீரால் ஆறும் எஞ்சினின் ஹெட்டைவிட இவற்றின் ஹெட் சூடாக ஓடும். அந்தச் சூடே மண்ணெண்ணெயை ஆவியாக்க உதவியது. விசிறிக் காற்றில் ஒரு பகுதியைத் தகரம் வைத்து மறித்தால் சூடு இன்னும் ஏறும். மிஞ்சினால் தட்டும். எவ்வளவு தகரம் என்பதை எந்தக் கையேடும் சொல்லாது, காது சொல்ல வேண்டும்.

தீவகம் இந்தக் கலையை நெடுநாள் தன் மண்ணில் பழகவில்லை. 1990 ஓகஸ்டிலும் 1991 ஒக்டோபரிலும் நடந்த படை நடவடிக்கைகளில் ஊர்காவற்துறையும் வேலணையும் புங்குடுதீவும் வெறிச்சோடின. கோவில் மணிகளும் கதவு நிலைகளும் அங்கே கிடக்க, சனம் பண்ணையைக் கடந்து வலிகாமத்துக்குப் போனது. ஸ்பானர் பெட்டியும் கையில் கிடைத்த மோட்டார் சைக்கிளுமாகப் போனவர்கள் அங்கேயே மண்ணெண்ணெய் யுகத்தைக் கழித்தார்கள், 1995இன் பெரிய இடப்பெயர்வு வரை.

கடலில் இதே வித்தை தொழிற்சாலை முத்திரையோடு வந்து சேர்ந்தது. யமஹா, சுசூக்கி நிறுவனங்கள் மண்ணெண்ணெய்க்கென்றே அழுத்தம் குறைத்த அவுட்போர்ட் எஞ்சின்களைச் செய்து விற்கின்றன; பெற்றோலில் ஸ்ராட், பிறகு மண்ணெண்ணெய். சாலியைப் போத்தல் குழாயால் கிளப்பிய கை எதுவும் புதிதாகப் படிக்க வேண்டியிருக்கவில்லை. கேமும் வால்வும் அவற்றில் கிடையாது, இருவீச்சு எஞ்சின்கள். நெடுந்தீவிலும் நயினாதீவிலும் கரைவலையையும் களங்கண்டியையும் தாண்டிப் போகும் பைபர் படகுகள் பெரும்பாலும் இவற்றை நம்பியவை. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாயானபோது, தீவகக் கரையில் படகுகள் வரிசையாக இழுத்து வைக்கப்பட்டன. எரிபொருள் செலவுக்கு மீன் போதவில்லை.

அந்த பைபர் படகுகள் இங்கு பிறந்த வரலாற்றுக்கு, 1956இல் நோர்வேக்குப் போன குருநகர் அந்தோனி இராஜேந்திரத்திடமும் காரைநகர்ச் சீநோர் படகுத்துறையிடமும் அடுத்த இதழில் போவோம்.